ஏற்காட்டுக்குப் போய்த் தூங்கினோம்

மயிலாப்பூரில் ஒரு குறுக்குத் தெருவில் இருக்கிறது நான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை நிலையம். பதினாறு வருடமாக அங்கே மற்றவர்களின் கையில் ஊசி போடுவதுதான் என் பிழைப்பு. காலை ஆறு மணிக்குக் கதவைத் திறப்பதற்கு முன்பே படிக்கட்டில் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். எல்லோரும் வெறும் வயிற்றோடு வந்தவர்கள். அதனால் எல்லோருக்கும் அவசரம், எல்லோருக்கும் கொஞ்சம் கோபம். பத்து மணி வரை தலை நிமிர முடியாது. அதற்குப் பிறகு கூட்டம் குறையும், ஆனால் நிற்காது.

உள்ளே இயந்திரங்களோடு வேலை செய்கிறவர்கள் வேறு. ரத்தம் எடுக்க நாங்கள் இரண்டே பேர். ஒருத்தி நான். இன்னொருவர் ராயப்பேட்டையிலிருந்து வருவார். என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். வீட்டில் உருது, வெளியில் மெட்ராஸ் தமிழ். அவர் கணவர் ஜாம்பஜார் பக்கம் பை தைக்கும் கடை வைத்திருந்தார். நான் அவரை ஆபா என்று கூப்பிடுவேன். அவர்கள் வீட்டில் அக்காவை அப்படித்தான் அழைப்பார்கள். எந்தக் கையில் எனக்கு நரம்பு கிடைக்கவில்லையோ அந்தக் கையை ஆபாவிடம்தான் அனுப்புவேன். அவர் இரண்டு விரலால் தடவிப் பார்ப்பார், வேறு ஏதோ பேசிக்கொண்டே ஊசியை இறக்கிவிடுவார்.

வாரத்தில் எங்களுக்கு ஆளுக்கு ஒரு நாள் விடுமுறை. எனக்குச் செவ்வாய், அவருக்கு வியாழன். ஒருவர் இல்லாத நாளில் மற்றவர் காலை ஆறு மணியிலிருந்து மாலை ஏழு வரை தனியாகச் சமாளிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மதியம் வரை இருவரும் இருக்க வேண்டும். ஆகவே இருவருக்கும் சேர்ந்தாற்போல் ஒரு முழு நாள் விடுமுறை என்பது எங்கள் நிலையத்தில் கிடையாது.

ஒரு சித்திரை மாதத்து மதியம். கூட்டம் இல்லை. ஏசி வேலை செய்யவில்லை. ஆபா மருந்துகள் வைக்கும் பெரிய ஃப்ரிட்ஜைத் திறந்து அதற்குள் முகத்தை நீட்டிக்கொண்டு நின்றார்.

"ஊரு பூரா இப்டி ஜில்லுனு இருந்தா எப்டி இருக்கும்டி?" என்றார்.

"ஊட்டி, கொடைக்கானல்லாம் அப்படித்தான் இருக்கும் ஆபா."

"நீ பாத்துக்கீறியா?"

"காலேஜ்ல ஒரு தடவை போயிருக்கேன். நீங்க?"

"நானு வேலூர் போயிருக்கேன், ஆம்பூர் போயிருக்கேன், நாகூர் போயிருக்கேன். கல்யாண வூடு, மௌத்தான வூடு, இது ரெண்டுக்கும்தான் நான் ஊரு தாண்டிக்கீறேன். சும்மா ஒரு எடத்துக்குப் போனதே இல்ல."

ஃப்ரிட்ஜை மூடிவிட்டு வந்து உட்கார்ந்தார். அன்றைக்கே பேசி முடிவு செய்தோம். இருவரும் சேர்ந்து ஒரு மலைக்குப் போக வேண்டும். வீட்டுச் செலவிலிருந்து ஒரு ரூபாய் எடுக்கக் கூடாது.

வேறு காசுக்கு ஒரே வழிதான் இருந்தது. நடக்க முடியாதவர்கள், வயதானவர்கள் வீட்டுக்கே போய் ரத்தம் எடுத்து வந்தால் நிலையத்தில் ஒரு சிறு தொகை தனியாகத் தருவார்கள். அதுவரை வாரத்துக்கு ஒன்றிரண்டு வீடுதான் போய்க்கொண்டிருந்தேன். இனி தினமும் போவது, அந்தக் காசைத் தொடாமல் தனிக் கணக்கில் போடுவது என்று வைத்துக்கொண்டோம். ஆபாவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. அவர் ராயப்பேட்டையிலிருந்து வரும் வழியில் நடந்து போகக்கூடிய வீடுகளை எடுத்துக்கொண்டார். மந்தைவெளி, அபிராமபுரம், அடையாறு பக்கமெல்லாம் எனக்கு.

ஐந்து மணிக்கு எழுந்துகொண்டிருந்தவள் நான்கு மணிக்கு எழ ஆரம்பித்தேன். ஆதம்பாக்கத்திலிருந்து ஸ்கூட்டியில் கிளம்பி கிண்டி வழியாக அடையாறு வந்து பாலத்தைத் தாண்டும்போது மட்டும் கொஞ்சம் காற்று வரும். ஆறு மணிக்குள் இரண்டு வீடு முடிக்க வேண்டும். மந்தைவெளியில் ஒரு மாமி வீடு. மாதத்துக்கு இரண்டு முறை அவருக்கு சர்க்கரை பார்க்க வேண்டும். கதவைத் திறக்கும்போதே புகார்தான்.

"ஏன் இவ்ளோ நாழி? காபி குடிக்காம உக்காண்டிருக்கேன். ஆத்துல எல்லாரும் குடிச்சாச்சு, அந்த வாசனையை மோந்துண்டே உக்காண்டிருக்கேன்."

"அஞ்சரைதான் மாமி ஆகுது."

"நேக்கு மூணு மணிக்கே முழிப்பு வந்துடறதே!"

அந்த மாமியின் கையைப் பிடிக்கும்போது எனக்குப் பலமுறை கண் சொருகியிருக்கிறது. வெளியில் சொன்னதில்லை.

வீட்டில் என் கணவர் தடுக்கவில்லை. கிண்டி தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை அவருக்கு. "நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க. எனக்கு ஞாயித்துக்கிழமை எழுப்பாம விட்டா அதுவே போதும்" என்றார். மகள்தான் சிரித்தாள். அவள் கல்லூரியில் ஒரே வருடத்தில் மூன்று ஊர் போய்வந்துவிட்டிருந்தாள்.

மலைக்குப் போக நாளாகும் என்று தெரிந்தது. அதுவரை சும்மா இருப்பானேன் என்று செவ்வாய்க்கிழமைகளில் நான் தனியாகப் பக்கத்து ஊர்களுக்குப் போக ஆரம்பித்தேன். காலையில் போய் அன்றே திரும்பிவிடலாம், செலவும் அதிகமில்லை. முதலில் புதுச்சேரி போனேன். கடற்கரையில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அடுத்து பழவேற்காடு. அதற்கடுத்து செஞ்சி. கோட்டையில் பாதிதான் ஏறினேன். திரும்பும் பஸ்ஸுக்கு நேரமாகிவிடும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டு, அங்கேயே ஒரு பாறையில் தண்ணீர் குடித்துவிட்டு இறங்கிவிட்டேன். என்னோடு ஏறிவந்த ஒரு குடும்பம் அங்கே உட்கார்ந்து அவசரமே இல்லாமல் புளிசாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது இன்னும் நினைவிருக்கிறது. அவர்களைப் பார்த்து எனக்கு எரிச்சல்கூட வந்தது.

மறுநாள் காலையில் ஆபா கேட்பார். கூட்டத்துக்கு நடுவில், ஒருவர் கையில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டே கேட்பார்.

"இன்னா சாப்ட்டே?"

"பரோட்டா."

"செஞ்சிக்குப் போயி பரோட்டாவா? கோட்டை எப்டி கீது?"

"பாதிதான் ஏறினேன்."

"மீதியை யாரு ஏறுவாங்க?" என்று சிரிப்பார்.

நான்காவது முறை திருவண்ணாமலை போய்வந்த மறுநாள், கீழே விழுந்த மூடியை எடுக்கக் குனிந்தபோது மேசைக்கு அடியில் அவர் பாதங்களைப் பார்த்தேன். செருப்பைக் கழற்றி வைத்திருந்தார். இரண்டு பாதமும் வீங்கி, விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. முந்தின நாள் நான் கோயில் வாசலில் நின்றுகொண்டிருந்த நேரமெல்லாம் அவர் தனியாக நின்றிருக்கிறார்.

"என்ன ஆபா இது?"

"நேத்து நூத்திப் பத்து பேருடி. ஒண்ணும் இல்ல, ராத்திரிக்கு சுடுதண்ணில வச்சா போயிரும்."

எனக்கு விடுமுறை என்பது அவருக்கு இரட்டை வேலை என்பது எனக்குத் தெரியாத விஷயமில்லை. விடுமுறையில் வீட்டில் கிடந்தாலும் அதேதான். இருந்தாலும் அதற்குப் பிறகு செவ்வாய்க்கிழமைப் பயணம் எனக்கு ருசிக்கவில்லை. ஊரில் போய் இறங்கியதும் அந்தப் பாதங்கள் ஞாபகம் வந்தன. நிறுத்திவிட்டேன். போனால் இருவரும் சேர்ந்தே போவது என்று ஏற்காட்டைத் தேர்ந்தெடுத்தோம். மற்ற மலைகளைவிடப் பக்கம், செலவும் குறைவு. ஒன்றரை நாளில் போய்வந்துவிடலாம்.

இருமுறை டிக்கெட் எடுத்தோம், இருமுறையும் ரத்து செய்தோம். முதல் தடவை, மழைக்குப் பிறகு காய்ச்சல் பரவி, படிக்கட்டு தாண்டித் தெரு வரை வரிசை நின்றது. எங்கள் நிலையத்தின் உரிமையாளர் ஒரு டாக்டர் அம்மா. மோசமானவர் இல்லை. "இந்த நேரத்துல ரெண்டு பேரும் போனா நான் என்னம்மா பண்ணுவேன்?" என்று அவர் கேட்டார். அன்றைக்கே டிக்கெட்டை ரத்து செய்தோம். இரண்டாம் தடவை, எங்கள் இடத்தில் நிற்பதாக ஒப்புக்கொண்ட பயிற்சிப் பெண்ணுக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துவிட்டது. அவள் சாக்லேட் கொடுத்துவிட்டுப் போனாள்.

அந்த இரண்டாம் தடவைக்கு முன்புதான் ஆபாவும் நானும் தி.நகருக்குப் போய் ஸ்வெட்டர் வாங்கியிருந்தோம். வெயில் கொளுத்தும் மே மாதம். பாண்டி பஜாரில் மூன்று கடையில் இல்லை என்றார்கள். நான்காவது கடைக்காரர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஸ்வெட்டரா? இப்பவா?"

"நாங்க சிம்லா போறோம்" என்றார் ஆபா, முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

கடைக்காரர் மாடியிலிருந்து தூசி தட்டி எடுத்துவந்ததில் ஆபா கரும்பச்சை நிறத்தில் ஒன்றை எடுத்தார். அதை அங்கேயே புடவைமேல் போட்டுப் பார்த்தார். இரண்டு நிமிடத்தில் வேர்த்துக் கொட்டியது. டிக்கெட் ரத்தானதும் அது அவர் பீரோவுக்குள் போய்விட்டது. அதற்குப் பிறகு சில மாதம் நாங்கள் ஏற்காட்டைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் நான்கு மணிக்கு எழுவதை இருவரும் விடவில்லை. அது பழகிவிட்டது.

பிறகு ஒரு புதன்கிழமை டாக்டர் அம்மா எங்களைக் கூப்பிட்டார். ஏதோ ஆய்வுக்கு ஆட்கள் வரப்போகிறார்களாம். தரையில் டைல்ஸ் எல்லாம் பெயர்த்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டுமாம். "சனி, ஞாயிறு ரெண்டு நாள் மூடிடலாம். நீங்க ரெண்டு பேரும் திங்கக்கிழமை வந்தா போதும்."

வெளியே வந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இரண்டு வருடம் திட்டம் போட்டதற்கு இப்போது இரண்டு நாள்தான் இருந்தது. சனிக்கிழமை காலை ரயிலில் சேலத்துக்குச் சாதாரண டிக்கெட் எல்லாம் தீர்ந்திருந்தது. தட்கலில்தான் எடுக்க வேண்டும். அது வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குத் திறக்கும், இரண்டு நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

வெள்ளிக்கிழமை பார்த்து பதினொரு மணிக்கும் கூட்டம். என் முன்னால் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், கையில் ரப்பர் பட்டை கட்டி, முஷ்டியை மடக்கி உட்கார்ந்திருந்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

"என்னம்மா, எங்கயாவது போகணுமா?"

"இல்லம்மா, ஒரு டிக்கெட்... பதினோரு மணிக்கு..."

"தட்கலா?" என்றார். மறுகையால் ரப்பர் பட்டையைத் தானே தளர்த்திவிட்டார். "மொதல்ல அதைப் போடுங்க. என் ரத்தம் எங்க ஓடிப் போகுது?"

பின்னால் வரிசையில் ஒருவர் முணுமுணுத்தார். அந்தப் பெண் திரும்பி, "ஏன் சார், அவங்களும் மனுஷிதான? ஒரு நிமிஷம் நில்லுங்க" என்றார். போனை எடுத்து டிக்கெட்டைப் போட்டேன். பணம் போய் அரை நிமிடம் ஒன்றுமே வரவில்லை. பிறகு இரண்டு இருக்கை எண்களும் வந்தன. ஆபா அறையின் மறுகோடியிலிருந்து கண்ணால் கேட்டார். தலையாட்டினேன். அவர் தன் முன்னால் இருந்த தாத்தாவின் தோளைத் தட்டிக்கொடுத்தார். அவருக்கு எதற்கென்று புரிந்திருக்காது.

சனிக்கிழமை மதியம் பன்னிரண்டரைக்கு ஏற்காட்டில் இறங்கினோம். வெயில் இருந்தது, ஆனால் சுடவில்லை. ஏரிக்குப் பின்னால் ஒரு சிறிய விடுதி. அறையில் இரண்டு கட்டில், ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே ஒரு பலாமரம். ஆபா கைகால் கழுவித் தொழுதுவிட்டு வந்தார். கட்டிலில் உட்கார்ந்தார்.

"பத்து நிமிஷம் முதுகைச் சாய்ச்சுக்கறேன். அப்றம் ஏரிக்குப் போலாம்."

"சரி ஆபா. நானும் சாய்ஞ்சுக்கறேன்."

நான் கண் விழித்தபோது அறைக்குள் அரை இருட்டு. கதவை யாரோ உடைப்பதுபோல் தட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கே இருக்கிறேன் என்றே ஒரு கணம் தெரியவில்லை. திறந்தேன். விடுதிக்காரர் நின்றார், அவருக்குப் பின்னால் அவர் மனைவி. இருவர் முகமும் வெளுத்திருந்தது.

"அம்மணி, நல்லாத்தான் இருக்கீங்களா?" என்றார் அந்த அம்மாள்.

"நல்லாதான் இருக்கோம். ஏங்க?"

"மூணு தடவை தட்டிட்டோமுங்க. மத்தியானம் உள்ள போன ரெண்டு பேரும் சத்தமே காணோம். சாப்பாடும் வேண்டாம்னு... எங்களுக்குப் பயமாப் போச்சுங்க."

அவர் என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தார். ஆபா வாய் திறந்து, ஒரு கை கட்டிலுக்கு வெளியே தொங்க, கிடந்தார். அந்த அம்மாளின் கை தானாக வாய்க்குப் போனது. "ஆபா!" என்று உலுக்கினேன். அவர் கண்ணைத் திறக்காமலே, "வரிசையில வரச் சொல்லு" என்றார்.

விடுதிக்காரர் பெருமூச்சு விட்டார். அவர் எதற்குப் பயந்தார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இரண்டு பெண்கள், ஒரு சின்னப் பை, ஊரைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை, நேராகப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டவர்கள். அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

"தூங்கிட்டோங்க. வேற ஒண்ணும் இல்ல" என்றேன். எனக்கே வெட்கமாக இருந்தது.

அந்த அம்மாள் சூடாக இட்லியும் மிளகு ரசமும் கொண்டுவந்து வைத்தார். சாப்பிட்டோம். ஏரியை மூடிவிட்டார்கள், இனி நாளைதான் பார்க்க முடியும் என்றார். சரி என்று திரும்பப் படுத்தோம். காலை நான்கு மணிக்கு இருவருக்கும் ஒரே நேரத்தில் விழிப்பு வந்தது. எந்த வீட்டுக்கும் போக வேண்டியதில்லை என்று ஞாபகம் வர, மறுபடி கண்ணை மூடினோம். அடுத்து எழுந்தபோது மணி பத்தரை.

நான் கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். எனக்குக் கோபம். யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை, ஆபாதான் எதிரில் இருந்தார்.

"ரெண்டு வருஷம் ஆபா! நாலு மணிக்கு எந்திரிச்சு, எந்திரிச்சு சேத்த காசு. அதை வச்சு ரெண்டு கட்டில் வாடகைக்கு எடுத்திருக்கோம். இதுக்கு வீட்லயே கிடந்திருக்கலாம்."

"வீட்ல யாரு உன்னை இவ்ளோ நேரம் படுக்க வுடுவாங்க?"

"ஒண்ணுமே பாக்கல நாம!"

"அதுக்கு இன்னா இப்போ? தூக்கம் வந்திச்சு, தூங்கினோம். யார் வூட்டுத் தூக்கத்தையும் திருடலையே." பிறகு குரலை இறக்கினார். "எந்திரி. மூஞ்சி கழுவு. இன்னும் மூணு மணி நேரம் கீது. ஆட்டோ புடிச்சா ஒரு எடம் பாக்கலாம்."

ஆட்டோக்காரர் எங்களை ஒரு மலைவிளிம்புக்குக் கூட்டிப்போனார். அங்கிருந்து கீழே சேலம் முழுவதும் தெரியுமாம். நாங்கள் போன நேரம் பள்ளத்தாக்கே மூடுபனியால் நிரம்பியிருந்தது. கம்பிவேலிக்கு அப்பால் வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை. சோளம் விற்றுக்கொண்டிருந்தவரிடம் எப்போது விலகும் என்று கேட்டேன். மூன்று மணிக்கு மேல் ஆகும் என்றார். எங்கள் பஸ் இரண்டு மணிக்கு.

ஆபா கரும்பச்சை ஸ்வெட்டரைப் போட்டிருந்தார். முக்காட்டை இறுக்கிக்கொண்டு கம்பியைப் பிடித்தபடி நின்றார். பனி எங்கள்மேல் நகர்ந்து வந்தது. திடீரென்று என் கையைப் பிடித்து உலுக்கினார்.

"ஏய், பாருடி! பல்லு ஆடுது! பாரு, என் பல்லு தானா ஆடுது!"

உண்மையாகவே அவர் பற்கள் அடித்துக்கொண்டிருந்தன. கையால் தாடையைப் பிடித்து நிறுத்திப் பார்த்தார், விட்டுப் பார்த்தார், மறுபடி அடித்தது. ஐம்பத்து நான்கு வயதில் அவர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. என் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. போய்விட்டது. ஒரு படம் எடுத்தேன். அதில் ஆபாவும் வெள்ளையும் மட்டும்தான் இருக்கிறது.

இறங்கும்போது கொண்டை ஊசி வளைவுகளில் எனக்கு வாந்தி. ரயிலில் இருவரும் உட்கார்ந்தபடி தூங்கினோம். திங்கள் காலை ஆறு மணிக்குப் புதிய டைல்ஸில் சிமெண்ட் வாசனை அடங்காமலிருக்க, நாற்பது பேர் காத்திருந்தார்கள். சனிக்கிழமை மூடியிருந்ததற்காக எல்லோரும் எங்களைத் திட்டினார்கள்.

அதற்குப் பிறகு வீடுகளுக்குப் போவதை வாரத்துக்கு இரண்டு நாளாகக் குறைத்துக்கொண்டேன். கணக்கில் காசு ஏறவில்லை. ஆனால் வண்டியில் போகும்போது கண் சொருகுவது நின்றது. எட்டு மாதம் கழித்து ஆபா வேலையை விட்டார். காலில் நரம்பு சுருட்டிக்கொண்டுவிட்டது, இனி நின்று வேலை செய்யக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கடைசி நாளில் அவருக்கு ஒரு சால்வை போட்டோம். அவர் இடத்துக்கு இருபத்து மூன்று வயதில் ஒரு பெண் வந்திருக்கிறாள். நல்ல பெண். இன்னும் கை நிதானம் வரவில்லை.

ஆபா இப்போது தன் தெருவில் இருக்கும் பெண்களோடு வேன் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிறார். பை கடையை மகன் பார்த்துக்கொள்கிறானாம், கணவரும் சில நேரம் கூடப் போகிறார். போன வாரம் கொடைக்கானலிலிருந்து ஒரு படம் அனுப்பினார். பள்ளத்தாக்கு முழுக்கத் தெளிவாகத் தெரிந்தது, அவர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டியிருந்தார். "நீயும் வந்திருக்கலாம்" என்று கீழே குரல் பதிவு. எனக்குப் பொறாமையாக இருந்தது. அந்தக் கால்களுக்கு உட்கார நாற்காலி கிடைத்ததில் நிம்மதியாகவும் இருந்தது. டாக்டர் அம்மாவிடம் இரண்டு நாள் விடுமுறை கேட்க வேண்டும், புதுப் பெண்ணுக்குக் கை நிதானம் வந்த பிறகு கேட்கலாம் என்று நினைத்துக்கொண்டேன். காலை மணி ஏழு. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அடுத்தவரை உள்ளே வரச் சொன்னேன்.